சனிக்கிழமை எம்சி

“ரெண்டு கையையும் மேசை மேல வை. விரல விரி.”

காலேப் வைத்தான். தம்புசாமி குனிந்து, அவனுடைய இடது கை விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். நான்கிலும் தோல் காய்த்துத் தடித்திருந்தது.

“இது அட்டை தூக்குனா வர்ற காய்ப்பா?”

“எல்லா வேலையும் செய்யற கை பாஸ்.”

கிள்ளான் பக்கம் மேருவில் உள்ள அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் மீட்டிங் அறை அது. தம்புசாமி அங்கே மேனேஜர். காலேப் எட்டு வருடமாக வெட்டு மெஷின் ஓட்டுகிறவன். இருவருக்கும் நடுவில் ஆபீஸ் அதிகாரி வலேரி உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இடது மணிக்கட்டு வீக்கம் என்று டாக்டரிடம் எம்சி என்னும் மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்கி அனுப்பிவிட்டு காலேப் வேலைக்கு வரவில்லை. மெஷின் ஓட்ட ஆளில்லாமல் லைன் ஐந்து மணி நேரம் நின்றது. கிள்ளான் துறைமுகத்துக்குப் போகவேண்டிய கண்டெய்னர் போகவில்லை. ஹெட் ஆபீஸ் காரணம் கேட்டது. கூடவே, இணையத்தில் கிடைத்த ஒரு வீடியோவையும் அனுப்பி வைத்தது.

“போடும்மா,” என்றார் தம்புசாமி.

வலேரி திரையைத் திருப்பினாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அரங்கு. நீலச் சட்டையில் காலேப், மடியில் கிட்டார். ப்ளூஸ் இசை. அவன் இடது விரலால் ஒரு கம்பியை நெட்டித் தள்ள, அது அடிபட்ட மனிதனைப் போல முனகியது. ஒரே பாட்டு, நாலு நிமிடம். கைதட்டலோடு முடிந்துவிட்டது.

“வீங்குன கை,” என்றார் தம்புசாமி. “வீக்கத்தோட நல்லாத்தான் ஓடுது.”

காலேப் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தான். இன்னொன்று என்றால் இன்றைக்கே வெளியே. வேலை போனால் கம்பெனி குவார்ட்டர்ஸும் போகும். அங்கே மனைவி மலரும் நாற்பது நாள் பிள்ளையும் இருந்தார்கள். அந்தச் சனிக்கிழமைக்கு அவன் மூன்று முறை லீவு கேட்டான். மூன்று முறையும் வெட்டியது இதே மனிதர்தான்.

“அது பழைய வீடியோ பாஸ். போன வருசம் எடுத்தது. இப்பதான் யாரோ ஏத்தியிருக்காங்க.”

வலேரி தட்டுவதை நிறுத்தினாள். “ஏத்துன தேதிதான் சார் தெரியுது. எடுத்த தேதி இல்ல. ப்ரூஃப் இல்லாம தூக்குனா கோர்ட்ல நிக்காது.”

“நான் மட்டும் அன்னிக்கு இங்க இருந்திருந்தா இவன வீட்டுல போயே பிடிச்சிருப்பேன்,” என்றார் தம்புசாமி. “கேரி தீவுல மாமியார் காரியம். நான் போற நேரம் பார்த்து ஏறிட்டான் மேடையில.”

“அவங்க ஆத்மா சாந்தியடையட்டும் பாஸ்.”

“வாய மூடு. அன்னிக்கு நீ எங்க இருந்த?”

“குவார்ட்டர்ஸ்ல. கையில ஐஸ் வெச்சுக்கிட்டு.”

“யாரு பார்த்தா?”

“மலர் பார்த்தா.”

“பொண்டாட்டி சாட்சி. நல்ல சாட்சிலா.” தம்புசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தார். “இங்க பாரு. போன வருசம் ஒரு ரெக்கார்ட் போட்ட. ஆறு பாட்டு. அதுல கம்பிய பயந்து பயந்து தொட்டிருப்ப. இந்த வீடியோவுல இருக்கறது இந்த வருசத்துக் கை.”

“இல்ல பாஸ். நான் எப்பவும் ஒரே மாதிரிதான் வாசிப்பேன். ரெக்கார்ட்ல கேட்டாலும் அதான், நேர்ல கேட்டாலும் அதான்.”

சொல்லும்போது அவனுக்கே கூசியது.

“பொய்.” தம்புசாமியின் குரல் அப்போதுதான் உண்மையாகவே ஏறியது. “ஒரே மாதிரியா? ‘ஆறு மணிச் சங்கு’ பாட்ட ரெக்கார்ட்ல மூணு நிமிசத்துல முடிச்சுட்டு ஓடிடுவ. அன்னிக்கு பதினோரு நிமிசம் வாசிச்ச. நடுவுல ரெண்டாவது கம்பி அறுந்துச்சு. வேற எவனா இருந்தாலும் எந்திரிச்சிருப்பான். நீ எந்திரிக்கல. அந்தக் கம்பியில வரவேண்டியத மத்த அஞ்சுல தேடித் தேடி எடுத்த. எனக்கு முன்னால உக்காந்திருந்த சீன அங்கிள் கண்ணாடிய கழட்டிட்டு கண்ண தொடச்சாரு. எல்லாம் ஒரே மாதிரின்னு எங்கிட்டயே சொல்ற...”

நிறுத்திவிட்டார்.

காலேப் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். வெளியே போர்க்லிப்ட் வண்டி ஒன்று பின்னால் எடுக்கும் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

வலேரி வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை தள்ளிப் பார்த்தாள். இன்னொரு முறையும் பார்த்தாள்.

“சார், இதுல ஒரு பாட்டுதான் இருக்கு,” என்றாள் மெதுவாக. “அந்தப் பாட்டு இல்ல. கம்பியும் எங்கயும் அறுகல.”

தம்புசாமி முன்னால் இருந்த ஃபைலைத் திறந்தார்.

“அன்னிக்கு உங்களுக்கு சாவு லீவு நான்தானே சார் போட்டுக் குடுத்தேன்.”

அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்தார். குடிக்காமலே மூடி வைத்தார். கழுத்தில் வியர்வை காலருக்குள் இறங்கியது. வலேரியின் விரல்கள் எழுத்துகளின் மேல் காத்திருந்தன.

தம்புசாமி ஃபைலை மூடி அவள் பக்கம் தள்ளினார்.

“வீடியோ பழசுதான். எழுதிக்கம்மா.”