கம்பு மலையும் யானையும்

தூக்கணாங்குருவி ஒன்று கூடு பின்னி, யானை நடத்திய சந்தையின் வழியாகத் தொலைதூரக் காட்டுப் பறவைகளுக்கு விற்று வந்தது. கூட்டை வாங்கியவர்கள் பிடிக்காவிட்டால் பதினைந்து நாளுக்குள் திருப்பித் தரலாம். அந்தக் கெடு முடிந்த பிறகே விலையாகக் கம்பு கொடுக்கப்படும் என்பது யானையின் ஏற்பாடு. ஐம்பது நாளாகியும் ஒரு மணிகூட வரவில்லை. குஞ்சுகள் பசியில் கத்தின. இன்றைக்கு நேரிலேயே கேட்டுவிடுவது என்று குருவி கிளம்பியது.

சந்தை வாசலில் அது அலகைத் திறந்தபடி நின்றுவிட்டது. உள்ளே கம்பு மலையாகக் குவிந்திருந்தது. அதன் உச்சியில், மேகத்தோடு மேகமாக நின்று, யானை ஏழு காடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"ரொம்ப அண்ணாந்து பார்க்காதீங்க, கழுத்து சுளுக்கிக்கும்" என்றது கணக்குப்பிள்ளை எலி.

"இவ்வளவு கம்பும் யாரோடதுங்க?"

"எல்லாம் உங்களை மாதிரி விக்கிறவங்களுக்குக் கொடுக்க வேண்டியதுதான்."

"அப்போ என்னோடதைக் கொடுத்துடலாமே?"

எலி பதறியது. "நல்லா கேட்டீங்க போங்க! உங்களோடது அடியில இருக்கு. அதை உருவினா ஐயா விழுந்துட மாட்டாரா?"

குருவிக்கு உடம்பு சிலிர்த்தது. தன்னுடைய ஒரு பிடிக் கம்பா இவ்வளவு பெரிய யானையைத் தாங்குகிறது! மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றாமல், ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பியது.

வீட்டுக்கு வந்து அந்த அதிசயத்தைச் சொன்னபோது குஞ்சுகள் கத்துவதை விட்டுவிட்டு வாய் பிளந்து கேட்டன. கடைக்குட்டி மட்டும், "அவரு எப்பப்பா இறங்குவாரு?" என்றது.

குருவி, சந்தை கேட்டிருந்த அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கத் தொடங்கியது.