சட்டைக்குள் வந்த பூச்சி

“இது எந்த நாட்டுப் பூச்சின்னு மட்டும் சொல்லிடுங்க சார். நான் நாளைக்கே கிளம்பிடுவேன்.”

பெரியவர் நீட்டிய சோப்பு டப்பாவுக்குள், பஞ்சின் மேல் ஒரு அந்துப்பூச்சி. பச்சையும் இளஞ்சிவப்புமாக அத்தனை அழகு.

அருங்காட்சியகத்தில் பூச்சிகளைப் பார்த்துப் பெயர் சொல்லும் அதிகாரி அதை வாங்கிக்கொண்டார். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் ‘பூச்சி சார்’. மனுஷருக்குப் பொய் சொல்லவே வராது. மாமியார் ஆசையாகக் காட்டிய கம்பளியைப் பார்த்து, “இதுல அந்து முட்டை இருக்கே” என்று சொல்லி, இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்.

“எங்கே கிடைச்சுது ஐயா?”

“என் பையன் அனுப்பின சட்டைக்குள்ள. எங்கேயோ ஒரு தீவுல, காட்டுக்கு நடுவுல வேலையாம். கோவத்துல ‘என் மூஞ்சியிலயே முழிக்காதே’ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டேன் சார். போனவன் போனவன்தான். விலாசம் கிடையாது, போன் கிடையாது. என் பிறந்த நாளுக்கு மட்டும் யார்கிட்டயாவது ஒரு சட்டை குடுத்தனுப்புவான்.”

“இது எப்ப வந்தது?”

“நேத்து. கப்பல்ல வந்த ஆள் ஒருத்தர் குடுத்துட்டுப் போனாராம். ஒரு மாசப் பயணமாம். நான் வீட்ல இல்ல, இவதான் வாங்கி வெச்சா. பொட்டலத்தைப் பிரிச்சது நான்தான். மடிப்புக்கு நடுவுல நசுங்காமப் படுத்திருந்துது சார்.”

போட்டிருந்த சட்டையின் காலரைத் தொட்டுக் காட்டினார். “கழுத்து அளவு கச்சிதமா இருக்கு, பாருங்க. அவன் இன்னும் மறக்கலை.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்தார். “சாருக்கு ஆயிரம் வேலை இருக்கும். வாங்க, போலாம்.”

“கொஞ்சம் சும்மா இரேன்!”

பெற்ற பிள்ளை இருக்கும் இடம் தெரியப் போகிறது, இந்த அம்மாவுக்கு வீட்டுக்குப் போக அவசரம்! நெஞ்சா, கல்லா என்று நினைத்துக்கொண்டார் பூச்சி சார்.

இடுக்கியால் இறக்கையை மெல்லத் தூக்கினார். தூக்கிய பக்கம் வந்தது. காலை இழுத்தார். இழுத்த இழுப்புக்கு வளைந்தது.

அவருக்குச் சுருக்கென்றது. செத்து ஒரு மாதமான பூச்சி என்றால், தொட்டாலே சருகாக நொறுங்கும். இது செத்து ஒரு நாள் ஆகியிருந்தால் அதிகம். போதாததற்கு, தெருவோரத்து அரளிச் செடியையெல்லாம் மொட்டையடிப்பது இதன் புழுதான். பகலில் இலையோடு இலையாக ஒட்டிக்கொள்வதால் யார் கண்ணிலும் படுவதில்லை, அவ்வளவுதான்.

தீவாவது, காடாவது! பையன் இதே ஊரில் உட்கார்ந்துகொண்டு அப்பன் காதில் பூ சுற்றுகிறான். அடப்பாவி!

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். பெரியவர் மூச்சுக்கூட விடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது… வெப்பக் காட்டுப் பூச்சி ஐயா. பல தேசத்துல இருக்கு. இன்ன இடம்னு சொல்ல முடியாது.” ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

“காட்டுப் பூச்சிதானே? அப்ப அவன் சொன்னது நிஜம்!” பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டியாடி? பரவாயில்ல சார், அடுத்த வருஷச் சட்டைக்குள்ள வேற ஏதாவது பூச்சி வராமலா போயிடும்? நான் போய் வாசல்ல குடுத்து வெச்ச பையை வாங்கறேன். நீ முட்டியைப் பாத்து மெதுவா வா.”

அவர் தலை மறைந்ததும் பூச்சி சாருக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா, அவர்கிட்ட சொல்ல மனசு வரலை. உங்ககிட்டயாவது சொல்லணும். இந்தப் பூச்சி நேத்துதான் செத்திருக்கு. கப்பலும் இல்ல, கடலும் இல்ல. உங்க பையன் இந்த ஊர்லயேதான் இருக்கான். பெத்தவரை இப்படி ஏங்க விட்டு வேடிக்கை பாக்கறானே, அவனெல்லாம் ஒரு பிள்ளையா?”

அந்த அம்மா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அவனைத் திட்டாதீங்க சார். அவன் மட்டும் இந்த ஊர்ல இருந்தா, முட்டியாவது ஒண்ணாவது, தெருத் தெருவா ஓடியே கண்டுபிடிச்சிடுவேனே!”

வாசலில் இருந்து பெரியவர் கூப்பிடுவது கேட்டது. அந்த அம்மா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“போனவன்கிட்டேயிருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு சேதி கிடையாது. வருஷா வருஷம் சட்டையை வாங்கிப் பொட்டலம் கட்டறது நான்தான் சார்.”