பயந்தாங்கொள்ளியின் விடுகதை

வாயை மூடிவிட்டார்கள், வயிறு இன்னும் காலி. அது என்ன?

விடை தெரியவில்லையா? சுற்றுச்சூழல் ஆய்வாளர் அம்மாவுக்கும் தெரியவில்லை. அவர் ஜீப்பை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக இந்த விடுகதையைப் போட்டவள், சுரங்க சூப்பர்வைசரின் ஏழு வயது மகள்.

“பசியோட தூங்குற பாப்பாவா?”

“இல்லையே!”

“ஏய், மேடத்தைத் தொந்தரவு பண்ணாதே.” சூப்பர்வைசர் மகளை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வியர்த்தது. போன வாரம் அந்த விடுகதையை விளையாட்டாகக் கட்டி அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

வேலிக்கு அப்பால் பழைய சுரங்கம் பச்சைப் புல்லாக விரிந்து கிடந்தது. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டால் நாளை முதல் அது பள்ளிக்கூட மைதானம்.

அவர் வேலியோர மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். வடிகால் தண்ணீரைக் குப்பியில் பிடித்தார். எல்லாம் திருப்தி.

“ஜமுக்காளம் விரிச்ச மாதிரி இருக்கே! வா பாப்பா, ஒரு ஓட்டம் ஓடலாம்.”

அவள் வேலிக்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“புல்லுக்கே பயமா?”

“சரியான பயந்தாங்கொள்ளி மேடம். குக்கர் விசிலடிச்சாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும்.” சூப்பர்வைசரின் சிரிப்பு ஆய்வாளரின் அடுத்த கேள்வியில் நின்றது.

“நடுவுல ஆழமா ஒரு குழி இருந்ததே சார்?”

“மூடியாச்சு மேடம்.”

“நிரப்பியாச்சா?”

“நல்லா மூடியாச்சு மேடம்.”

அப்பா சொன்னதில் பொய் இல்லை. குழியின் மேல் பலகை அடுக்கி, மண் கொட்டி, புல் பதித்து மூடியதை அவள் இதே வேலியோரம் நின்று பார்த்திருக்கிறாள். உள்ளே ஒரு கூடை மண்கூடப் போடவில்லை.

காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடி அப்பா காதோடு சொல்லியிருந்தார்: “குழியைப் பத்தி மூச்சு விடக்கூடாது. விட்டா அப்பாவுக்கு வேலை போயிடும். நாம இருக்கிறதும் கம்பெனி வீடு, ஞாபகம் இருக்கட்டும்.”

“அப்போ தெத்துப்பல்லி இங்கதான் கயிறு தாண்டுவாளா?” என்று கேட்டாள் அவள். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் தோழி அது. அப்பா கடைசிப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் மாட்டினார்.

“சரி, குறுக்கே ஒரு நடை நடந்துட்டு வந்து கையெழுத்துப் போடறேன்,” என்றார் ஆய்வாளர்.

“சுத்திப் போகலாம் மேடம். புல்லு... நசுங்கிடும்.”

“நாளைக்கு அத்தனை பிள்ளைங்க மிதிக்கிறப்ப நசுங்காதா? நல்ல ஆளு சார் நீங்க!”

வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு அவர் புல்லில் இறங்கினார். நடந்தார். நடுப்பகுதி நெருங்கியது.

அடியில் எங்கோ ‘டொம்’ என்றது.

ஆய்வாளர் காதில் அது விழவில்லை. அடுத்த எட்டு வைத்தார்.

சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மகளின் கையைப் பிடித்திருந்த பிடி மட்டும் இறுகியது.

“அப்பா, சொல்லுப்பா...”

“உஷ்!”

பயந்தாங்கொள்ளி கையை உருவிக்கொண்டாள். புல்லின் மேல் ஓடினாள். ஆய்வாளரின் கையைப் பிடித்து நிறுத்தி, விடையைச் சொன்னாள்.