கல்லின் விளிம்பில் ஓர் எண்

“ஆன்லைன்ல செருப்பு வாங்கினாலே ரெண்டும் ஒரே காலுக்கு வருது. மாப்பிள்ளை வைரம் வாங்கியிருக்கார்!” என்றார் அப்பா. “இது மட்டும் போலியா இருக்கட்டும், கல்யாணத்தையே நிறுத்திடறேன்.”

நிச்சயத்துக்குப் போட்ட மோதிரம் நகைக்கடைக்காரரின் லென்ஸுக்குக் கீழே இருந்தது. மகள் மேஜைக்கு அடியில் விரல்களைக் கோத்து வேண்டிக்கொண்டிருந்தாள்.

“சர்டிபிகேட்டை யார் வேணா அச்சடிக்கலாம் சார். அதுல இருக்கிற நம்பரைக் கல்லோட விளிம்புலயும் பொடிசா செதுக்கியிருப்பாங்க. ரெண்டும் ஒத்துப்போகணும்.”

கல்லையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்து, நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டி, கல்லைச் சோதனை மெஷினிலும் வைத்துப் பார்த்த கடைக்காரர் நிமிர்ந்தார்.

“ஒத்துப்போகுது. சர்டிபிகேட் குடுத்த லேபோட வெப்சைட்லயும் இந்த நம்பருக்கு இதே கல்லுதான். மெஷினும் வைரம்னுதான் சொல்லுது. கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்.”

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். “நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். சம்பந்திக்கு ஒரு போன் போட்டுட்டு வரேன்” என்று வெளியே போனார்.

கடைக்காரர் மோதிரத்தை நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“என்னம்மா, இன்னும் சந்தேகமா?”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அப்பா சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, எனக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கலைன்னு எத்தனை தடவை சொன்னாலும் அப்பா நம்பமாட்டேங்கறார்” என்றாள் அவள், தணிந்த குரலில். “நீங்க சொன்னா நம்புவார். அவர் உள்ளே வர்றதுக்குள்ள, போலின்னு மாத்திச் சொல்லிடுங்களேன்.”