பன்னிரண்டாவது குழி

என் கல் கைமாறிக்கொண்டிருந்தது.

வற்றிய ஏரியின் நடுவில் வேன் நின்றது. அதன் பக்கவாட்டில் இழுத்துக் கட்டிய தார்ப்பாயின் நிழலில் மடக்கு நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. வருடாவருடம் இதே ஏரியில் விண்கல் தேட வரும் மூன்று நாளில் இது கடைசி நாள். மாலைத் தேநீர் நேரம். நடுவில் இருந்த ஸ்டூலில் நான். கல் எடுத்தவருக்குத்தான் அந்த ஸ்டூல்.

மற்ற பதினொரு பேரும் ஏதோ ஒரு வருடம் உட்கார்ந்து எழுந்த இடம். ஆளுக்கு ஒரு கல். இரண்டாவது யாருக்கும் கிடைத்ததில்லை.

வேனில் பன்னிரண்டு இருக்கைகள்தான். காத்திருப்பவர்கள் நிறைய. ஐந்து பயணத்துக்குள் ஒரு கல்லாவது எடுக்காதவர் இடத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். எனக்கு இது ஐந்தாவது. கிளம்புவதற்கு முந்தின நாள், எங்களைக் கூட்டிவரும் கேப்டன் போன் செய்தார். அவர் கப்பலில் கால் வைத்தவரில்லை, நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"இந்தத் தடவை எப்படியும் கிடைச்சுடும், பாருங்க" என்றார்.

நான் லிஃப்ட் பரிசோதகன். காலியான பெட்டிக்குள் நின்று மேலே போய்க் கீழே வருவது என் வேலை. வீட்டிலும் நான் மட்டும்தான். சாப்பிட்டாயா என்று என்னை யாராவது கேட்பது வருடத்தில் இந்த மூன்று நாட்கள்தான்.

பேக்கரிக்காரர் கல்லை உள்ளங்கையில் எடை பார்த்தார்.

"அஞ்சு வருஷமா காந்தக் குச்சியாலயே ஏரியைக் கூட்டிப் பெருக்குனீங்களே சார், வானத்துக்கே பாவமாப் போயிருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காலையில் இருபதடி இடைவெளி விட்டு வரிசையாக நடந்துகொண்டிருந்தபோது, கிடைத்துவிட்டது என்று நான்தான் கத்தினேன். அவ்வளவு பெரிய குரல் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது. வரிசை கலைந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள். யார் என்று பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

கல் பல் டாக்டரிடம் போனது. அந்த அம்மாள் எங்கே போனாலும் பல் நோண்டும் வளைந்த ஊசி ஒன்று சட்டைப் பையில் இருக்கும்.

"சொத்தை கித்தை இருக்கான்னு பாத்துடுவோம்" என்று கல்லிலிருந்த ஒரு குழிக்குள் ஊசியை விட்டுச் சுரண்டினார்.

ஊசி முனையில் துளி மண் வந்தது.

சிவப்பு.

எங்கள் காலுக்குக் கீழே ஏரி சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது. செருப்பு, கால்சட்டை ஓரம், டம்ளர் விளிம்பு, எல்லாவற்றிலும் மாவு மாதிரி வெள்ளை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிவப்பு மண் கிடையாது.

விலைக்கு வாங்கிய கல். தபாலில் வந்தவுடன் கழுவியிருக்க வேண்டும். பார்சலைப் பிரித்தேன், காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தேன், அப்படியே கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் அதோடு நடந்தேன். இன்று காலை குனிந்து கீழே வைத்து, குனிந்தபடியே எடுத்தேன்.

பல் டாக்டர் ஊசி முனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

தார்ப்பாய் ஒருமுறை உப்பி அடங்கியது. தேநீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவர் ஊசியைத் தன் கால்சட்டையில் துடைத்தார். அடுத்த குழியைச் சுரண்டினார். அதற்கடுத்ததையும். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, கட்டைவிரலால் கல்லை நன்றாகத் தேய்த்தார்.

"ஒண்ணுமில்ல. நல்ல கல்லு" என்று கேப்டனிடம் நீட்டினார்.

கேப்டன் ஒரு சீட்டில் தேதியும் 'லிஃப்ட்' என்றும் எழுதி, கல்லோடு தகரப் பெட்டியையும் என் கையில் கொடுத்தார். கல் எடுத்தவர் தனியே போய்த் தன் கல்லைத் தானே உள்ளே வைக்க வேண்டும். மற்றவர்கள் திறப்பதில்லை. ஐந்து வருடமாக அந்தப் பெட்டியை நான் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

வேனுக்குப் பின்னால் போய்த் திறந்தேன்.

உள்ளே முட்டை அட்டை. பன்னிரண்டு குழி. பதினொன்றில் கற்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சீட்டு.

பேக்கரிக்காரர் கல்லின் வெடிப்பில் மஞ்சள் மணல் இருந்தது. பல் டாக்டருடையது பல் துலக்கியதுபோல அப்பழுக்கில்லாமல் இருந்தது. மண்ணில் கிடந்த கல் அப்படி இருக்காது. எல்லாவற்றுக்கும் பழையது கேப்டனுடையது. அதன் அடியில், உரித்தெடுத்த லேபிளின் பசை சின்னச் சதுரமாகக் கறுத்திருந்தது.

மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.

ஒன்றில்கூட வெள்ளை இல்லை.

அவர்களும் அப்படித்தான் கத்தியிருப்பார்கள். அவர்களையும் யாராவது ஓடி வந்து கட்டிப்பிடித்திருப்பார்கள்.

சீட்டை வைத்து, அதன்மேல் என் கல்லை வைத்து, பெட்டியை மூடி எடுத்து வந்தேன். கேப்டன் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

"அடுத்த வருஷம் ஜன்னல் சீட்டு உங்களுக்கு" என்றார்.

வெளிச்சம் இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். குச்சிகளை எடுத்துக்கொண்டு ஏரியில் இறங்கினோம். இருபதடி இடைவெளி. பன்னிரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு, சிறு கல்லைக்கூட விடாமல், தேடியபடி நடந்தோம்.