கோச் இருக்கும் தைரியம்

பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், 'பௌல்' எனப்படும் புத்தாண்டுச் சிறப்பு ஆட்டத்தில், வெண்டலின் அபிமான 'கரடிகள்' அணியும் அவன் மனைவி டார்லாவின் 'பருந்துகள்' அணியும் மோதப்போவது முடிவானதிலிருந்து அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையே மைதானமாகிவிட்டது.

"உங்க பருந்துங்க நல்லா ஓடுவானுங்க, ஒத்துக்கறேன். ஆனா எதிராளியைத் தடுக்க ஒரு பய கிடையாது!" என்றான் வெண்டல், சுட்ட விலா எலும்பைக் கடித்தபடி.

"உங்க கரடிங்க மட்டும் என்னவாம்? பந்தைக் கையில குடுத்தாலே கீழ போடுறானுங்க."

"போடட்டுமே! எங்க கோச் ஹாலிஸ் இருக்காரே, அந்த ஒரு மூளை போதும். அவர் இல்லேன்னா எங்க பசங்களுக்கு மைதானத்துக்கு வழிகூடத் தெரியாது."

"அப்போ உங்க பலமெல்லாம் அவர் ஒருத்தர்தான்?"

"அதுல என்ன சந்தேகம்?"

"சரி, பந்தயம். தோத்தவங்க ஜெயிச்ச டீம் சட்டையைப் போட்டுக்கிட்டு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முன் வரிசையில உட்காரணும்."

"அப்புறம் பின்வாங்கக் கூடாது!" என்று வெண்டல் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

வீடு விற்றுத் தரும் தரகரான டார்லா கார் சாவியை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"ஒரு வீடு விலைக்கு வந்திருக்கு. 'விற்பனைக்கு'ன்னு போர்டு வைக்கணும்."

"யார் வீடு?"

"உங்க கோச் வீடுதான். காலையில சாவியை என்கிட்ட குடுத்துட்டு ஊரைக் காலி பண்ணிட்டார். இந்த ஆட்டத்துக்கு வரமாட்டார். அடுத்த வருஷத்துலேர்ந்து எங்க பருந்துங்களுக்கு அவர்தான் கோச்."

வாசலில் நின்று திரும்பினாள்.

"உன் அளவுக்குப் பருந்து சட்டை வாங்கி பீரோவுல வச்சிருக்கேன். போட்டுப் பாரு."