வூட்டுக்குக் கூட்டிக்கினு போ

"முழுங்கிட்டியா? வாயத் தொற."

"நான் இன்னா சின்னப் புள்ளயா?" என்று பவானி வாயைத் திறந்து காட்டினாள்.

இருவருக்கும் கொரோனா என்று தெரிந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து கரியாலூர் திரும்பிய இரண்டு நாளாகக் கரியன் இப்படித்தான். வேளை தவறாமல் மனைவிக்கு மாத்திரை கொடுப்பார். பிறகு இருமிக்கொண்டே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பார். அவள் கண்ணயர்ந்தால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பார்.

"சாவப்போறவள பாக்குற மாரி பாக்காதீங்க. எனக்கு வெறும் சளிதான்."

அவர் அடுத்த வேளை மாத்திரையை எடுத்து வைத்தார்.

மூன்றாம் நாள் காலை நர்ஸ் செவ்வந்தி வந்து மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"சரியா போட்டுக்கினு வரீங்களா, ஐயா?"

பவானி நிமிர்ந்தாள். "மாத்திரை எனக்குத்தானே குடுத்தாங்க?"

"இல்லீங்களே. இவருக்குச் சக்கரை ஜாஸ்தி, நெஞ்சுவலி வேற. நோய் முத்திடக் கூடாதுன்னு இவருக்குக் குடுத்தது. உங்களுக்குத்தான் மருந்தே வேணாம்னு டாக்டர் சொன்னாரே."

கரியன் தரையைப் பார்த்தார்.

"மருந்து வேணாம், வூட்டுக்குக் கூட்டிக்கினு போன்னாரு. எங்க அண்ணனுக்கும் அதத்தான் சொன்னாங்க. மறுநாளே போயிட்டான்."

செவ்வந்தி பதறிப்போய் விரல் விட்டு எண்ணினார். "இந்த மாத்திரைய காய்ச்சல் வந்து அஞ்சு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும். ஐயா, உங்களுக்கு இன்னிக்கு நாலு. இருங்க, டாக்டர்கிட்ட பேசுறேன்."

"அப்ப இவளுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"அவங்க தேறிட்டாங்க. பயமெல்லாம் இப்ப உங்களுக்காகத்தான்."

அந்தக் கடைசிப் பேச்சு அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இவ பொழச்சிக்குவா இல்ல?" என்றார் மறுபடியும்.